சாயம் ஏறும் பூ

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லரம்மா. கணவரின் அக்காவுக்கு மட்டும் "வந்தவ".

கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த வாரத்திலேயே விழுந்த பெயர் அது. கடலையே பார்க்காமல் வளர்ந்தவள், அலைச் சத்தத்தைக் கேட்டு, "ஏதோ லாரி மேடேற முடியாம முக்குது போல" என்று சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டிலிருந்த அண்ணிக்கு (கணவரின் அக்காவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்) அது போதுமானதாக இருந்தது. "வந்தவளுக்குக் கடலும் லாரியும் ஒண்ணு" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடியாத வயது அவளுக்கு வந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. "வந்தவ துணி காயுது, மழை வருது, எடுக்கச் சொல்லு." "வந்தவ வீட்டுல குக்கர் கத்திக்கிட்டே இருக்கு, காது கேக்கலையான்னு கேளு."

இதையெல்லாம் அண்ணி அவளிடம் நேராகச் சொல்வதில்லை. இரண்டு பேருக்கும் பேச்சு நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. நடுவில் இருந்தவர் அவள் கணவர். அவர் பஸ் கண்டக்டர். நெரிசலில் பின்னாலிருந்து கை மாறி வரும் காசை வாங்கி, டிக்கெட்டைக் கிழித்து, அதே வழியில் திருப்பி அனுப்பிப் பழகியவர். அக்கா சொன்னதை மனைவியிடமும் மனைவி சொன்னதை அக்காவிடமும் அப்படித்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பார். சேர்க்குமுன் கொஞ்சம் கிழித்துக்கொள்வார். அக்கா, "அவளுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு" என்றால், இங்கே வரும்போது அது "உன்னை உடம்பைப் பாத்துக்கச் சொன்னாங்க" என்று ஆகியிருக்கும்.

பேச்சு நின்றது ஒரு ஜன்னல் திரையால். அண்ணி வீட்டுக் கொல்லைப்புற ஜன்னல்களுக்கு ரோஸ் நிறத்தில் திரை தைத்துக் கொடுத்தாள். துணியைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். "சாயம் போகாது அண்ணி, நான் பொறுப்பு" என்று வாயை விட்டாள். கடல் வெயிலும் உப்புக் காற்றும் அந்தப் பொறுப்பை மதிக்கவில்லை. இரண்டு கோடை போவதற்குள் ரோஸ் வெளிறி, பழுத்த இலை மாதிரி ஒரு மஞ்சளாகிவிட்டது. அண்ணி தெருவில் நின்று சொன்னார்: "பாத்துக்குங்க, வந்தவளோட சாயம் வெளுத்துடுச்சு."

துணியைச் சொல்லியிருந்தால் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளைச் சொன்னதுதான் ஆறவில்லை. அன்றோடு பேச்சு போனது. திரை போகவில்லை. அண்ணி அதை மாற்றவே இல்லை. டெய்லரம்மா கொல்லைக் கதவைத் திறந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் அது மஞ்சளாக ஆடிக்கொண்டிருக்கும். ரோஸ் வெயில் பட்டால் மஞ்சளாகும் என்பதை அவளுக்கு யாரும் இனிமேல் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு வீடுகளின் கொல்லையும் ஒரே மணல்மேட்டில் போய் முடியும். மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல். அவள் வந்த புதிதில் காற்றுக்காலம் முழுக்க மணல் வீட்டுக்குள்தான் குடியிருந்தது. தையல் அறை கொல்லையை ஒட்டி இருந்ததால் முதல் விருந்தாளி மிஷினுக்குத்தான். பாபின் குழிக்குள் மணல் புகுந்து, மிதித்தால் யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம் வரும். வெள்ளைத் துணி தைத்தால் தையலோரத்தில் பழுப்பாக ஒரு கோடு விழும். பாதி நாள் தைப்பாள், பாதி நாள் மிஷினைக் கழற்றித் துடைப்பாள்.

அப்போது கண்டக்டர் டிப்போ வாசல் தோட்டத்திலிருந்து ஒரு கொடியை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். இலை விரல் தடிமன். குறுக்கே வெட்டினால் முக்கோணம். ஒடித்தால் தண்ணீர் சொட்டும். "சும்மா மணல்ல சொருகி வை. எங்க போட்டாலும் புடிச்சுக்குமாம்" என்றார். சொருகினாள். பிடித்துக்கொண்டது. கணுவுக்குக் கணு வேர் விட்டு, தன் மேலேயே ஏறி, சில வருடங்களில் மேட்டையே பச்சைப் பாய் விரித்து மூடிவிட்டது. மணல் அடங்கியது. மிஷின் மிஷின் மாதிரி ஓட ஆரம்பித்தது. உள்ளங்கை அளவு பூக்கள் வேறு, ரோஸும் மஞ்சளுமாக. தான் வந்து இந்த ஊருக்குச் செய்த ஒரே காரியம் என்று அவள் அந்த மேட்டைத்தான் நினைத்துக்கொள்வாள்.

அண்ணி பக்கத்து மேட்டிலும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு செடி இருந்தது. யாரும் வைத்ததில்லை, எப்போதும் இருந்தது. அது அவ்வளவு அடர்த்தி இல்லை. இடையிடையே மணல் தெரியும், புல் முளைக்கும், வேறு ஏதேதோ பூண்டுகள் தலைநீட்டும். அதைப் பார்க்கும்போது டெய்லரம்மாவுக்கு மனதுக்குள் ஒரு சின்ன குளிர்ச்சி. "உங்க அக்கா செடிக்குச் சீக்கு வந்துடுச்சா, கேளுங்க" என்று ஒருமுறை சொல்லி அனுப்பினாள். அது போய்ச் சேரும்போது "செடி அழகா இருக்காம்" என்று ஆகியிருந்தது.

இப்படி இருக்கும்போது கடற்கரைப் பராமரிப்பு அலுவலகத்திலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். அன்று வானம் மூடியிருந்தும் தலையில் அகலமான தொப்பி. மேட்டில் ஏறி, குனிந்து, இலையை ஒடித்துப் பார்த்து, விளிம்பை விரலால் தடவினாள்.

"இதுல ரெண்டு செடி இருக்கும்மா. ஒண்ணு இந்தக் கரையிலயே உள்ளது. இன்னொண்ணு தோட்டத்துக்குன்னு வெளியிலேருந்து கொண்டுவந்தது. பாக்க அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும்."

"அக்கா தங்கச்சி இல்ல, நாத்தனாரும் வந்தவளும்" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, "என்ன பாட்டி?" என்றாள்.

"யாருக்குப் பாட்டி? ஆன்ட்டின்னு சொல்லு."

அந்தப் பெண் ஆன்ட்டிக்கும் சேர்த்தே விளக்கினாள். வெளிச் செடி போகிற இடமெல்லாம் பாய் விரிக்கும். அடியில் வேறு எதையும் முளைக்க விடாது. அதனால் கரை முழுக்க அதைக் கண்டுபிடித்து எடுக்கிறார்கள். கரைச் செடி இருந்தால் அப்படியே விட்டுவிடுவார்கள். அடையாளம் காண இரண்டு வழி. வெளிச் செடியின் இலை விளிம்பில், நுனிப் பக்கம், ரம்பம் மாதிரி பொடிப் பல் இருக்கும். அதோடு அது மஞ்சளாகப் பூக்கும். கரைச் செடி ரோஸாகப் பூக்கும்.

"இங்க ரெண்டு நிறமும் இருக்கு. அதான் குழப்பமா இருக்கு" என்றாள்.

டெய்லரம்மாவுக்குக் குழப்பமே இல்லை. "ரோஸ்தாம்மா பூ. மஞ்சள் வெளுத்துப்போனது. வெயில்ல ரோஸ் இப்படித்தான் ஆகும். அங்க பாருங்க, அந்தத் திரைகூட நான் தைச்சப்போ ரோஸ்தான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. இத்தனை வருடம் துணிக்கடைக்காரன் மேலும் சோப்புத்தூள் மேலும் போட்டுவந்த பழியைத் தானே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரிந்தது.

அந்தப் பெண்ணுக்கு முடிவு சொல்லத் தயக்கம். வெயில் இல்லாததால் பூக்கள் சுருங்கிக் கிடந்தன. மேட்டில் துணி உலர்த்தி, நடந்து, இலைகளின் விளிம்பு தேய்ந்திருந்தது. "பல் இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. பக்கத்துப் பக்கத்துல இருந்தா ரெண்டும் கலந்துகூடப் போயிடும்" என்றாள்.

"அதெல்லாம் கலக்கவே இல்ல" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"ஒரு மொட்டுக்கு அடையாளம் கட்டி வைங்க. விரிஞ்ச அன்னைக்கே எனக்கு ஒரு போன் பண்ணுங்க. புதுப்பூவைப் பாத்தா தெரிஞ்சுடும்" என்று நம்பரைக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் போனாள்.

டெய்லரம்மா ஒரு வெள்ளை நூலை எடுத்து, கொழுத்த மொட்டு ஒன்றின் கழுத்தில் கட்டினாள். தையல் முடிகிற இடத்தில் போடுவாளே, விரல் நுனியில் சுற்றி உருட்டி இழுக்கிற சின்ன முடிச்சு, அதைத்தான் போட்டாள். செடி போனால் மணல் திரும்பி வரும், அந்தப் பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. இந்தச் செடி இந்தக் கரையைச் சேர்ந்தது என்று அலுவலகமே சொல்லிவிட்டால், அந்த ஒரு வார்த்தையைக் கணவர் கையில் கொடுத்து, கிழிக்காமல் அப்படியே அண்ணியிடம் சேர்க்கச் சொல்ல வேண்டும். அவள் வைத்தது இந்த மண்ணுடையது. அப்புறம் யார் வந்தவ?

சாயங்காலம் கண்டக்டர் ஒரு செய்தியோடு வந்தார். "அக்காவும் ஆசையா அந்த மொட்டைப் பாத்துக்கிட்டு இருப்பாங்களாம்."

"என்ன சொன்னாங்கன்னு உள்ளபடி சொல்லுங்க."

அவர் சட்டைப் பட்டனைக் கழற்றிக்கொண்டே, "அவளே கட்டி, அவளே பாத்து, அவளே தீர்ப்பு சொல்லுவாளா, நானும் பாப்பேன்னாங்க" என்றார்.

வானம் வெளுத்த முதல் நாள், உச்சி வெயிலில் மொட்டு விரிந்தது. ஒரு கால்சட்டையின் மடிப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மேட்டுக்குப் போனாள்.

மஞ்சள்.

ஒரு பொட்டு ரோஸ்கூட இல்லை. வெளுத்த மஞ்சளும் இல்லை. புதுத் துணியைக் கடைக்காரன் பலகை மேல் உதறி விரிக்கும்போது முதல் மடிப்பில் ஒரு மினுமினுப்பு இருக்குமே, அந்த மாதிரி. நிமிர்ந்து அண்ணியின் திரையைப் பார்த்தாள். மறுபடி பூவைப் பார்த்தாள். துணியைத் தொட்டே பிழைத்தவள் அவள். பழையது எது, புதியது எது என்று அவளை யாரும் ஏமாற்ற முடியாது, அவளே ஏமாற்றிக்கொண்டாலொழிய.

போன் செய்தாள். "விரிஞ்சிடுச்சு."

"என்ன நிறம்மா?"

"நாளைக்கு நீங்களே வந்து பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

மதியம் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். "மஞ்சளா விரிஞ்சிருக்கு. வெளியூர்ச் செடி."

"நீயும் வெளியூர்தான். உன்னை யாராவது புடுங்கிப் போட்டாங்களா?" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "உங்க அக்கா ஜெயிச்சுட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் கை தட்டிலேயே நின்றது.

மறுநாள் அந்தப் பெண் வந்தபோது வெயில் நன்றாக இருந்தது. அண்ணி வேலியோரம் முன்பே வந்து நின்றிருந்தார். டூட்டி இல்லாத நாளிலும் கண்டக்டர் குளித்து, தலை வாரி, டிக்கெட் எடுக்காத பயணி மாதிரி எல்லோருக்கும் பின்னால் நின்றார். அந்தப் பெண் நூலைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"அட, ரோஸ்!" என்றாள். "நேத்து விரிஞ்சது ரோஸா இருக்குன்னா அப்ப கரைச் செடிதான் போல. பல் இருக்குன்னு எனக்குத்தான் தப்பாத் தோணியிருக்கு."

டெய்லரம்மா குனிந்தாள். ஒரு ரோஸ் பூவின் கழுத்தில் வெள்ளை நூல். நூல் அவளுடையதுதான். முடிச்சு இரண்டு காது வைத்து, ஷூ லேஸ் கட்டின மாதிரி இருந்தது. தினமும் காலையில் டிக்கெட் பையின் அறுந்த வாரை அப்படிக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவரை அவள் கல்யாண நாளிலிருந்து பார்க்கிறாள். அவள் கட்டிய பூ ஒரு சாண் தள்ளி, நூலில்லாமல், மஞ்சளாக விரிந்து கிடந்தது.

அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டத் தொடங்கினாள். டெய்லரம்மா கேட்க நினைத்த வார்த்தையை அந்தப் பெண் சொல்லியாகிவிட்டது. மேடு மேடாகவே இருக்கும், மிஷினுக்குள் மணல் வராது, இனிமேல் அவளை வந்தவ என்று சொன்னால் பதில் சொல்ல ஒன்று இருக்கும். செய்ய வேண்டியதெல்லாம் சும்மா நிற்பது. அண்ணியைப் பார்த்தாள். அண்ணி பூவைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என் முடிச்சு இல்ல" என்றாள் டெய்லரம்மா. "நான் கட்டினது இது. மஞ்சளாத்தான் விரிஞ்சது."

"காத்துல நழுவிப் போயிருக்கும்" என்றார் கண்டக்டர்.

"காத்து ரெண்டு காது வெச்சு முடிச்சுப் போடுமா?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. மஞ்சள் பூவிலும் பக்கத்துப் பூக்களிலும் இதழ்களை விரித்துக் காட்டினாள். "அப்ப என் விரல் சொன்னது சரிதான். இது மஞ்சளாத்தான் விரியும்மா. நாளாக ஆக ரோஸ் ஏறும். நீங்க புதுசுன்னு நெனச்ச ரோஸெல்லாம் கிழட்டுப் பூ. பாருங்க, இதுல பாதி மாறிடுச்சு."

ஓரம் மஞ்சளும் நடு ரோஸுமாக இருந்த ஒரு பூவை டெய்லரம்மா வெகுநேரம் பார்த்தாள். "வெளுக்கலையா? சாயம் ஏறுதா?" என்று கேட்டாள்.

"ஏறுது."

"நேத்தே நான் பாத்தேன், மஞ்சள்தான்" என்றார் அண்ணி, அந்தப் பெண்ணிடம். "இவன் சாயங்காலம் பூனை மாதிரி வந்து நூலை மாத்திக் கட்டினதையும் பாத்தேன். இவ என்ன சொல்றான்னு பாக்கத்தான் வாயைத் திறக்கல." பிறகு குரலைச் சற்று உயர்த்தினார். "இந்தா பாரும்மா, செடியை எடுக்கிறதுன்னா எடு. வந்தவளையும் சேத்துப் புடுங்கிடாதே. அவ வேர் விட்டு நாளாச்சு."

கண்டக்டர் இதை மனைவியிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்குக் கேட்டுவிட்டது.

அலுவலகத்து ஆட்கள் வந்து செடியைப் பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டி எடுத்தார்கள். அடியில் வெறும் மணல், ஒரு புல் இல்லை. துண்டு விழுந்தாலும் வேர் பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு கணுவையும் பொறுக்கிச் சாக்கில் கட்டினார்கள். அதே வாரத்தில் காற்று திரும்பியது. மிஷின் பழையபடி பல்லைக் கடித்தது. பழைய சாக்குகளைப் பிரித்து, ஒன்றோடொன்று தைத்து, மேட்டின் மேல் போர்த்திக் கல் வைத்தாள். அந்தக் கரைச் செடியை ஊன்றினால் மணலைப் பிடித்துக்கொள்ளும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அது வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

"உங்க அக்காகிட்ட கேளுங்க" என்றாள் கணவரிடம்.

அவர் பை வாரைக் கட்டிக்கொண்டே தலையை ஆட்டினார். "அந்த ரூட்டுல இப்ப பஸ் இல்ல. நடந்து போ."

வேலிவரை நடக்க அதிக தூரமில்லை. அவளுக்கு அது தூரமாகத்தான் இருந்தது. அண்ணி மேட்டில் உட்கார்ந்து காலில் ஒட்டின மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி."

"என்ன?"

"கொஞ்சம் கொடி வேணும்."

அண்ணி அவசரப்படவில்லை. மற்ற காலையும் தட்டி முடித்தார். "எடுத்துக்கோ. புடிக்குமா புடிக்காதான்னு எனக்குத் தெரியாது. நான் பொறுப்பு இல்ல" என்றார். திரை நினைவு இருவருக்கும் வந்தது.

சாக்கில் பிளேடால் கீறல் போட்டு, ஒவ்வொரு கீறலிலும் ஒரு கொடியை அவள் சொருகினாள். காற்று அவற்றை மறுபடி மறுபடி தூக்கியது. அண்ணி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேலியைச் சுற்றி வந்தார். தன் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, கொடியின் மேல் கவிழ்த்து மணலில் அழுத்தினார். கொடி நின்றது. அடுத்ததற்கு இன்னொன்று. மேட்டின் ஒரு ஓரம் முடிவதற்குள் அண்ணியின் கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்துவிட்டது.

"வீட்டுல ஊசி வெச்சிருக்கியா?" என்றார்.

"தையல் ஊசிதான் இருக்கு."

"அதை வெச்சு என்ன பண்றது, செடிக்கு ஓரம் அடிக்கவா?"

கொடிகள் பிடிக்க நாளாயிற்று. அவற்றில் கொஞ்சம் காய்ந்தும் போயிற்று. பிடித்தவை அடர்த்தியாக இல்லை. இடையிடையே மணல் தெரிகிறது, புல் முளைக்கிறது. மிஷினை அவள் இன்னமும் மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைக்கிறாள். மஞ்சள் திரையை மாற்றித் தருகிறேன் என்று கேட்டாள். அண்ணி வேண்டாம் என்றுவிட்டார், பழகிவிட்டதாம்.

பெயரும் மாறவில்லை. வானம் கறுத்தால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அதே குரல்தான் வருகிறது. கண்டக்டர் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருகிறது.

"ஏ வந்தவளே, மழை வருது, துணியை எடு!"

அவள் மிஷினை நிறுத்திவிட்டு, "எடுத்துட்டேன் அண்ணி!" என்று கத்துகிறாள். பிறகு போய் எடுக்கிறாள்.